மூலச்சூடு என்று விட்டுவிடலாமா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைக் கேள்விப்படாத மாணவர் அநேகமாக இருக்கமாட்டார். அவர் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தவர். பெண்கள் பள்ளிப் படியைத் தாண்டுவதே அரிதாயிருந்த காலத்தில், மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் இசைவுடன், ஆண்கள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்று 1912இல் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை சட்டமன்றத்தில் இடம்பெற்றதும், தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டதும், அவ்வை இல்லம் கண்டதும் பாடநூல்களில் உள்ளன. அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் எழுந்தது என்பதையும் பலர் அறிவர். இத்தனை நோய்கள் இருக்க, அவர் ஏன் புற்றுநோயைத் தேர்ந்தெடுத்தார் என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

அதற்கு விடை ஒரு குடும்பத் துயரம். 1920களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். புற்று வந்த இடம் மலக்குடல். அக்காள் பட்டம் பெற்ற மருத்துவர். அக்காளின் கணவர் டாக்டர் சுந்தர ரெட்டியும் மருத்துவர். மாகாணத்திலேயே சிறந்த மருத்துவ வசதிகள் இருந்த சென்னை நகரில் வாழ்ந்த குடும்பம் அது. ஆனாலும் அந்த இளம் பெண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

மருத்துவர் வீட்டுப் பெண்ணுக்கே இந்நிலை என்றால் அன்று இல்லாமற்போனது எது? அது இன்று நம்மிடம் இருக்கிறதா? இருந்தும் ஏன் பலர் காலம் கடந்தே மருத்துவமனைக்கு வருகின்றனர்? குடலைப் பற்றிப் பேசுவது நாகரிகமன்று என்று நினைப்பவர்கள் இப்பக்கங்களைத் தாண்டிவிடக் கூடாது. இக்கட்டுரை அவர்களுக்காகவே எழுதப்படுகிறது.

பல நோய்களுக்கு ஒரே முகம்

மலக்குடலில் புற்று தோன்றினால் என்னென்ன குறிகள் தெரியும்? மலத்தோடு இரத்தம் வரும். சளி போன்ற சீதம் வரும். வெளிக்குப் போய்வந்த சற்று நேரத்தில் மீண்டும் போகவேண்டும் போலத் தோன்றும். போனாலும் முழுதும் கழியாத உணர்வு இருந்துகொண்டே இருக்கும். இந்தக் குறிகளை நம்மூர்ப் பாட்டி ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். சீதபேதி என்பார், அல்லது மூலச்சூடு என்பார். மோரும் வெந்தயமும் கொடுப்பார். மூலம் என்றால் துத்திக்கீரையும் கருணைக்கிழங்கும் சமையலில் சேரும்.

இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. கிணற்று நீரையும் குளத்து நீரையும் நம்பி வாழ்ந்த நாட்டில் வயிற்றுக்கடுப்பு ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. மூலமோ மிகச் சாதாரணமான தொல்லை. ஆகவே பாட்டியின் ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆபத்து அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லில்தான் ஒளிந்திருக்கிறது.

அக்கால மருத்துவர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. கடுப்புநோயாளியின் மலத்தில் அமீபா என்னும் ஒற்றைச்செல் உயிரியை 1875இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லோஷ் என்பவர் கண்டார். 1912இல் கல்கத்தாவில் லெனார்டு ராஜர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் எமெட்டின் என்ற மருந்தை ஊசிவழியாகச் செலுத்தி அமீபாக் கடுப்பைக் குணப்படுத்திக் காட்டினார். எத்தனையோ உயிர்களைக் காத்த பெரிய முன்னேற்றம் அது. ஆனால் கைக்கு ஒரு நல்ல மருந்து கிடைத்துவிட்டால், அது தீர்க்கும் நோயாகவே எல்லாவற்றையும் பார்க்கும் பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது.

இன்னொரு பொறியும் உண்டு. மூலத்தில் இரத்தம் சில நாள் வந்து தானே நிற்கும். கடுப்பும் வந்து போகும். புற்றிலிருந்து கசியும் இரத்தமும் அப்படியே சில நாள், சில வாரம் நின்றுவிடக்கூடும். நின்ற நேரத்தில் எந்த மருந்தை உட்கொண்டிருந்தோமோ அதற்கே புகழ் போய்ச் சேரும். ‘அந்த லேகியம் சாப்பிட்டேன், கேட்டுவிட்டது’ என்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமின்றி, ஒரேயொரு அளவீட்டைக் கொண்டு சோதனைச்சாலைக் குறிப்பேட்டில் இப்படி முடிவு எழுதும் மாணவருக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன். பேருந்து நிலையச் சுவர்களில் ‘மூலம், பவுத்திரம் ஆபரேஷன் இன்றிக் குணம்’ என்று எழுதிவைத்திருப்பவர்களின் தொழில் நடப்பதும் பெரும்பாலும் இத்தகைய முடிவுகளை நம்பித்தான்.

விரலுக்கு எட்டும் நோய்

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசிப் பகுதி. அதன் நீளம் ஏறத்தாழ 12 முதல் 15 சென்டிமீட்டர். அதன் கீழ்ப்பாதியை மருத்துவர் உறையணிந்த விரலாலேயே தொட்டு அறிந்துவிடலாம். கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு நிமிடம் போதும். மலக்குடலின் எஞ்சிய பகுதியைக் காணும் வழியும் நூறாண்டுகளுக்கு முன்பே இருந்தது. 1895இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹோவர்டு கெல்லி என்ற மருத்துவர் நேரான உலோகக் குழாய்களைச் செலுத்தி, விளக்கொளியை நெற்றிக்கண்ணாடியால் உள்ளே திருப்பி, மலக்குடலையும் அதற்குச் சற்று மேலேயும் பார்த்தார்.

ஆக மலக்குடலைப் பொறுத்தவரை ‘பார்க்க வழியில்லை’ என்று 1920களிலேயே சொல்லமுடியாது. நோயாளி வரவேண்டும், வந்தவரிடம் மருத்துவர் கேட்கவேண்டும், கேட்டபின் சோதிக்கவேண்டும். இந்த மூன்றில் எது தவறினாலும் விரலுக்கு எட்டும் நோயும் எட்டாத நோயாகிவிடும். பெண் நோயாளிக்கு ஆண் மருத்துவரிடம் இதைச் சொல்ல நா எழுமா என்பது அன்றைய கேள்வி. இன்றும் அது முற்றிலும் பழைய கேள்வியாகிவிடவில்லை.

நோயைக் கண்டுபிடித்த பிறகு? அங்கேதான் அன்றைய உண்மையான பஞ்சம். லண்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ், கீழ்ப்பக்கமாக மட்டும் அறுத்துப் புற்றை நீக்கிய தம் நோயாளிகள் 57 பேரில் 54 பேருக்கு நோய் திரும்பிவிட்டதைக் கண்டார். புற்று மேல்நோக்கியும் பரவுகிறது என்பதை உணர்ந்து, வயிற்றுவழியாகவும் கீழ்வழியாகவும் ஒருங்கே அறுத்து மலக்குடல் முழுவதையும் நீக்கும் முறையை 1908இல் வெளியிட்டார். பின்வந்த மலக்குடல் புற்று அறுவைகளுக்கு அதுவே அடிப்படை ஆயிற்று. ஆயினும் அவர் முதலில் அறுவை செய்த 12 பேரில் 5 பேர் அறுவையின் விளைவாகவே இறந்தனர். பிழைத்தவர்களுக்கோ வயிற்றில் செய்த துளைவழியாகவே வாழ்நாள் முழுதும் மலம் கழியும். பெனிசிலின் அப்போது இல்லை. இரத்த வங்கிகள் இல்லை. லண்டனிலேயே இப்படி என்றால் சென்னையில் நோய் முற்றிய ஒருவருக்கு எவ்வளவு செய்திருக்க முடியும்?

முற்றுதல் என்றால் என்ன என்பதை அளந்து சொன்னவர் கத்பர்ட் டியூக்ஸ். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் நோய்க்கூறு ஆய்வாளராயிருந்த அவர், அறுத்தெடுத்த மலக்குடல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, புற்று குடற்சுவருக்குள்ளேயே நிற்கிறதா, சுவரைத் தாண்டிவிட்டதா, நிணநீர்க் கணுக்களை அடைந்துவிட்டதா என்று மூன்று படிகளாக 1932இல் வகுத்தார். முதற்படியில் வந்தவர் பெரும்பாலும் பிழைத்தார். மூன்றாம் படியில் வந்தவர் பெரும்பாலும் பிழைக்கவில்லை. மருத்துவர் ஒருவரே, கத்தி ஒன்றே. வேறுபட்டது வந்துசேர்ந்த நாள். இன்றைய அமெரிக்கப் புள்ளிவிவரங்களும் இதையே சொல்கின்றன. நோய் குடலோடு நிற்கும்போது சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு ஏறத்தாழ 90 பேர் ஐந்தாண்டுக்கு மேல் வாழ்கின்றனர். கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியபின் வருபவர்களில் அப்படி வாழ்வோர் 100க்கு ஏறத்தாழ 15 பேர்தாம்.

அடையாற்றில் 12 படுக்கைகள்

இழப்பிலிருந்து மருத்துவமனை பிறப்பது உலகில் புதிதன்று. லண்டனில் வில்லியம் மார்ஸ்டன் என்ற மருத்துவர் 1846இல் தம் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். 1851இல் ஏழைகளுக்கென ஓர் இலவசப் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் ராயல் மார்ஸ்டன் என்று பெயர்பெற்றது. முத்துலட்சுமி அம்மையாரின் பாதை இதைவிட நீண்டது. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் தம் எண்ணத்தை வெளியிட்டார். 1941இல் பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. தென்னாட்டில் எதுவும் எழவில்லை. புற்றுநோயாளி எப்படியும் இறக்கப்போகிறவர், அவருக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் படித்தவர்களிடமும் ஆட்சியில் இருந்தவர்களிடமும் பரவியிருந்த காலம் அது.

அம்மையார் இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18இல் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் தூண். 1955இல் வந்துசேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் மறையும்வரை அந்த நிறுவனத்தோடே வாழ்ந்தார். தங்கை இறந்ததற்கும் முதல் நோயாளி அங்கே படுக்கையில் சேர்ந்ததற்கும் இடையே முப்பதாண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இதைப் படிக்கும்போது அம்மையாரின் பிடிவாதத்தை வியப்பதா, நாட்டின் மந்தத்தை நோவதா என்று தெரியவில்லை.

வளைந்து செல்லும் வெளிச்சம்

அதே 1954ஆம் ஆண்டு இன்னொரு வகையிலும் இக்கதைக்கு முக்கியமானது. இயற்பியல் பாடம் நடத்தும் எனக்கு இப்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிட மனம் வரவில்லை.

நேரான குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் வரை செல்லும். பெருங்குடலின் நீளமோ ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். அது வயிற்றின் இடப்பக்கம் ஏறி, குறுக்கே ஓடி, வலப்பக்கம் இறங்குகிறது. ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று எட்டாம் வகுப்பிலேயே படிக்கிறோம். வளைந்த இருட்டுக் குகைக்குள் அதை எப்படி அனுப்புவது? ஜெர்மானியரான பொட்சினி 1806இல் மெழுகுவர்த்தியையும் கண்ணாடியையும் வைத்து முயன்றார். 1868இல் குஸ்மாவுல் என்பவர், வாளை விழுங்கிக் காட்டும் வித்தைக்காரர் ஒருவரை அழைத்து, அவர் தொண்டை வழியாக நேர்க்குழாயை இரைப்பைக்குள் இறக்கினார். எல்லா நோயாளிகளும் வித்தைக்காரர்கள் ஆகமுடியாதல்லவா?

ரான்ட்ஜன் 1895இல் எக்ஸ் கதிர்களைக் கண்டபின் வேறொரு வழி திறந்தது. பேரியம் சல்பேட் கலந்த நீரைக் குடலுக்குள் செலுத்தி அதன் நிழலைப் படம்பிடித்தனர். 1923இல் பிராங்பர்ட்டில் பிஷர் என்பவர் பேரியத்தோடு காற்றையும் செலுத்தி, குடற்சுவரின் மேடுபள்ளங்கள் இன்னும் தெளிவாகத் தெரியுமாறு செய்தார். பயனுள்ள முறைதான். ஆனால் நிழலைப் பார்த்து நோயை ஊகிக்கலாமே தவிர, தொட்டு ஒரு துணுக்கை எடுத்துவர முடியாது.

ஒளியை வளைக்கும் வித்தை வெகுநாட்களாகவே வேடிக்கைப் பொருளாக இருந்துவந்தது. 1841இல் ஜெனீவாவில் கொலாடனும், 1854இல் லண்டனில் டிண்டலும், பீறிட்டு வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளியைச் செலுத்தி, அது தாரையோடு சேர்ந்து வளைந்து வருவதைக் காட்டினர். உண்மையில் ஒளி வளைவதில்லை. அடர்மிகு ஊடகத்திலிருந்து அடர்குறை ஊடகத்தின் எல்லையில் மிகச் சாய்வாக விழும் ஒளி வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்புகிறது. முழு அக எதிரொளிப்பு என்று நாம் பாடத்தில் படிப்பது இதைத்தான். கண்ணாடிக்கும் காற்றுக்கும் இடையே மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 42 பாகை. மெல்லிய கண்ணாடி இழை ஒன்றின் ஒருமுனையில் நுழைந்த ஒளி ஆயிரக்கணக்கான முறை இப்படித் திரும்பித் திரும்பி மறுமுனைக்கு வந்துசேரும். இழை வளைந்தாலும் ஒளி தப்பாது.

பஞ்சாபில் மோகா நகரில் பிறந்து, ஆக்ராவில் படித்து, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆய்வுக்குச் சேர்ந்தவர் நரீந்தர் சிங் கபானி. அவரும் அவருடைய ஆசிரியர் ஹாப்கின்சும் பல்லாயிரம் இழைகளை வரிசை கலையாமல் ஒரு கற்றையாகக் கட்டி, அதன்வழியே ஒரு படத்தையே அனுப்பிக் காட்டினர். ஒவ்வோர் இழையும் படத்தின் ஒரு புள்ளியைச் சுமந்து செல்லும். ‘நேச்சர்’ இதழின் 1954 ஜனவரி 2ஆம் நாள் வெளியீட்டில் இது வந்தது. அதே இதழில் ஹாலந்தின் வான் ஹீல், இழைகள் ஒன்றையொன்று தொடுமிடத்தில் ஒளி கசிந்துவிடாதிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒளிவிலகல் எண் குறைந்த உறை ஒன்று வேண்டும் என்று எழுதியிருந்தார். அடையாற்றில் கதவு திறக்க அப்போது இன்னும் ஐந்தரை மாதம் இருந்தது.

தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகனில் பணியாற்றிய ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் இக்கட்டுரைகளைப் படித்தார். உறையிட்ட இழைகளால் ஒரு வளையும் உள்நோக்கியைச் செய்து 1957இல் முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். பெருங்குடலுக்குள் கீழிருந்து முழுதும் செல்லும் நீண்ட கருவி நியூயார்க்கில் உல்ப், ஷின்யா ஆகிய இருவர் கையில் 1969இல் முழுப் பயன் தந்தது. ஷின்யா இன்னொன்றும் செய்தார். கருவியின் உள்ளே ஒரு மெல்லிய கம்பிக் கண்ணியைச் செலுத்தி, குடற்சுவரில் முளைத்திருந்த சிறு சதைமொட்டைச் சுருக்கிட்டு, மின்னோட்டத்தால் அறுத்தெடுத்தார். வயிற்றைத் திறக்கவே இல்லை.

இந்தச் சதைமொட்டுகளைப் பாலிப் என்பர். பெருங்குடல் புற்றுகளில் பெரும்பாலானவை இத்தகைய மொட்டிலிருந்தே தோன்றுகின்றன. மொட்டு புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். மொட்டிலேயே கிள்ளிவிட்டால் புற்றின் எண்ணிக்கையே குறைகிறது என்பதை 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று உறுதிப்படுத்தியது. இன்றைய கருவிகளின் முனையில் படம்பிடிப்பது இழைக்கற்றையன்று, நகத்தைவிடச் சிறிய மின்னணுச் சில்லு. ஆனால் இருட்டுக் குடலுக்குள் வெளிச்சத்தைக் கொண்டுசெல்லும் வேலையைப் பல கருவிகளில் இன்றும் இழைகளே செய்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத இரத்தம்

பெருங்குடலின் வலப்பகுதியில் புற்று இருந்தால் இரத்தம் மலத்தோடு நன்கு கலந்துவிடும். நிறமாற்றம் கண்ணுக்குப் புலப்படாமலே போகலாம். அப்போது நோயின் முதல் செய்தி சோர்வாக வரும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். முகம் வெளுக்கும். சோதித்தால் இரத்தசோகை இருக்கும்.

இதில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உள்ளது. நாள்தோறும் இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லிலிட்டர், கசிந்தால் 5 மில்லிகிராம் இரும்பு போகும். உணவிலிருந்து நம் உடல் ஒருநாளில் உறிஞ்சுவதோ 1 முதல் 2 மில்லிகிராம் வரைதான். வரவுக்கு மேல் செலவு. சில மாதங்களில் கையிருப்பு கரைந்துவிடும். நம் கிராமங்களில் இரத்தசோகை என்றால் சத்துக்குறைவு என்றோ கொக்கிப்புழு என்றோ எண்ணி இரும்பு மாத்திரை கொடுப்பது வழக்கம். மாதவிலக்குள்ள பெண்களிடம் அது பெரும்பாலும் சரியாக இருக்கலாம். ஐம்பது வயது ஆண் ஒருவருக்கோ, மாதவிலக்கு நின்றுவிட்ட பெண்ணுக்கோ இரும்புக்குறைவுச் சோகை வந்தால், மாத்திரை கொடுக்குமுன் இரத்தம் எங்கே போகிறது என்று கேட்டாகவேண்டும். ஒழுகும் தொட்டியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பதில் பொருளில்லை.

மறைந்த இரத்தத்தைத் தேடும் முறையும் பழையதே. 1864இல் வான் டீன் என்ற டச்சுக்காரர் குவையாக் மரப்பிசினைக் கொண்டு இரத்தக்கறையை நீலநிறமாக்கிக் காட்டினார். 1901இல் ஜெர்மனியின் போவாஸ் அதை வயிற்றுநோய்களை அறியப் பயன்படுத்தினார். இன்று மனித ஹீமோகுளோபினை மட்டுமே இனங்காணும் மலச்சோதனை உள்ளது. இறைச்சி உண்டாலும் அது ஏமாறாது.

எப்போது போகவேண்டும்?

முதலில் ஓர் ஆறுதல். மலத்தில் இரத்தம் கண்டவர்களில் மிகப் பலருக்குப் புற்று இருக்காது. மூலமோ, ஆசனவாய் வெடிப்போ, கிருமித் தொற்றோதான் இருக்கும். மேனாடுகளைவிட நம் நாட்டில் இந்நோய் குறைவு என்பதும் உண்மை. ஆனால் நம் நாட்டில் இந்நோய் வந்தவர்களைப் பார்த்தால், இளவயதினரின் பங்கும் மலக்குடல் புற்றின் பங்கும் மேனாட்டைவிட அதிகம். ஆகவே ‘எனக்கு முப்பதுதானே ஆகிறது’ என்பது காரணமாகாது. முத்துலட்சுமி அம்மையாரின் தங்கையும் இளம்பெண்தான்.

திடீரென்று தொடங்கி, காய்ச்சலோடு வந்து, ஒரு வாரத்துக்குள் அடங்கும் கடுப்பு ஒருவகை. அதற்கும் நீரிழப்பு மிகுந்தால் மருத்துவர் வேண்டும். நாம் கவலைப்பட வேண்டியது அடங்காமல் நீடிப்பதைப் பற்றி. வழக்கமாகக் காலையில் ஒருமுறை போய்வந்தவர், காரணமின்றி மூன்று நான்கு முறை போகத் தொடங்கினாலும், அல்லது மலச்சிக்கலே இல்லாதிருந்தவருக்குச் சிக்கல் ஏற்பட்டாலும், அது மூன்று வாரத்துக்குமேல் நீடித்தால் மருத்துவரிடம் போகவேண்டும். கழிந்தபின்னும் கழியாத உணர்வு, மலம் முன்னைவிட மெலிந்து வருதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, முயலாமலே உடல் இளைத்தல், வயிற்றில் கட்டி தட்டுப்படுதல் ஆகியவையும் இவ்வகையே. இரத்தம் வந்தால் மூன்று வாரம் காத்திருக்கவும் வேண்டாம். ஒருமுறை வந்து நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மூலம் இருப்பது முன்பே உறுதியானவர் ‘இதுவும் அதுதான்’ என்று முடிவுகட்டுவதுதான் எல்லாவற்றிலும் வஞ்சகமான தவறு. மூலம் உள்ளவருக்குப் புற்று வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ பெருங்குடல் புற்று வந்திருந்தால், குறி எதுவும் இல்லாவிட்டாலும் எந்த வயதில் சோதனை தொடங்குவது என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சில நிலைகளில் நாளை என்பதே கூடாது. இரத்தம் கட்டிகட்டியாகவோ நிறையவோ போதல், தலைசுற்றி மயக்கம் வருதல், தார் போலக் கறுத்துப் பிசுபிசுத்து நாறும் மலம், வயிறு உப்பி மலமும் காற்றும் பிரியாமல் வாந்தியும் வருதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் அன்றே, அந்த மணியே மருத்துவமனைக்குப் போகவேண்டும். கடைசியாகச் சொன்ன நிலையில் வீட்டில் பேதிமருந்து கொடுப்பது பெருந்தீங்கு. வீணாகப் பயப்படுபவர்களுக்காக ஒரு சொல்: இரும்பு மாத்திரை உண்பவருக்கு மலம் கறுப்பாகும், பீட்ரூட் உண்ட மறுநாள் சிவக்கும். மருந்தையும் உணவையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

முன்பு புதுக்கோட்டைக்காரர்கள் பெரிய சிகிச்சை என்றால் தஞ்சைக்கோ திருச்சிக்கோ மதுரைக்கோ பேருந்து ஏறினர். 2017 முதல் மாவட்டத்துக்கென்றே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. முதல் சோதனைகளுக்கு அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டியதில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, விரற்சோதனை, ஹீமோகுளோபின் அளவு ஆகியவற்றை எந்த மருத்துவரும் தொடங்கிவைக்கலாம். குடலுக்குள் கருவி செலுத்திப் பார்ப்பது தேவையா என்பதை அவர் சொல்வார். தேவையென்றால், முதல்நாள் ஒரு மருந்துநீரைக் குடித்துக் குடலைச் சுத்தமாக்கிக்கொள்வதுதான் அதில் பெரிய சிரமம் என்று செய்துகொண்டவர்கள் சொல்கிறார்கள். சோதனையின்போது பொதுவாக மயக்கமருந்து கொடுக்கப்படும்.

மருத்துவர் முன்னே உட்கார்ந்ததும் பலருக்கு வாய் அடைத்துவிடும். ‘வயிறு சரியில்லை’ என்று மட்டும் சொல்லி, ஜீரண மருந்தோடு திரும்பிவருவார்கள். இரத்தம் என்று கண்டோம், எத்தனை நாளாக, நிறம் சிவப்பா கறுப்பா, மலத்தின் மேலே இருந்ததா கலந்திருந்ததா, எடை எவ்வளவு குறைந்தது, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, என்னென்ன மருந்து சாப்பிட்டோம் என்பவற்றை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். வாயால் சொல்லக் கூசினால் அந்தத் தாளை நீட்டினாலே போதும். படித்துப் பார்க்க அவருக்கு அரை நிமிடம் ஆகும்.